அச்சு திறந்து நிற்கும் நேரம்

வளையல் சத்தம் கேட்டது. அச்சு திறந்த கையோடு, இயந்திரத்தின் மறுபக்கத்திலிருந்து, கை நிறைய வளையல் போட்ட ஒருத்தி எதையோ எடுக்க எட்டினால் வருமே, அந்த மாதிரி ஒரு சின்னக் கலகலப்பு.

“சங்கரி, அந்தப் பக்கம் நிக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது?” ஹரிபாபு திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கத்தினான். “மிஷின் கேட்டுக்கு இன்னும் சுவிட்ச் மாட்டல. கைய வுட்டுத் தொலைக்கப் போற.”

பதில் வந்தது. ஆனால் மறுபக்கத்திலிருந்து வரவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால், ஷெட் வாசலிலிருந்து வந்தது.

“நான் இங்கதான் கீறன் மாமா. யாரத் திட்டிக்கினு கீற?”

திரும்பிப் பார்த்தான். சிவசங்கரி வாசலில் நாற்காலி போட்டு, வீங்கிய கால்களை ஒரு கவிழ்த்த வாளிமேல் நீட்டி, வேகவைத்த வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். ஏழு மாத வயிறு. போன வாரம்தான் வளைகாப்பு முடிந்தது. இரண்டு கையிலும் முழங்கைவரை பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். அவளுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் ஷெட்டின் பாதி நீளம் இருந்தது.

எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். எலி வளையல் போட்டுக்கொண்டு திரியுமா என்று உள்ளேயிருந்து ஒன்று கேட்டது. அதை வாயை மூடச் சொன்னான்.

இயந்திரத்துக்கு அவனுடைய நைனா வயசு இருக்கும். குங்குமச் சிமிழ், மூடி, சீப்பு என்று சின்னச் சின்ன பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற இயந்திரம். புத்தலப்பட்டில், சித்தூர் திருப்பதி ரோட்டோரம், பூட்டிக்கிடந்த ஒரு ஷெட்டில் துருவும் சிலந்தி வலையுமாக நின்றது. அதன் முதலாளி சிரஞ்சீவி, “எடுத்துக்கினு போ பாபு, என் கண்ணுல படாம இருந்தா போதும்” என்று பழைய இரும்பு விலைக்கே தூக்கிக் கொடுத்துவிட்டார். கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று ஒரு மனுஷன் சொன்னால் ஏன் என்று கேட்க வேண்டாமா? ஹரிபாபு கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவாரோ என்று அவசரமாக லாரியில் ஏற்றிக்கொண்டு, சத்தியவேட்டுக்கு வெளியே ஏரிக்கரை ஓரத்தில் தான் வாடகைக்குப் பிடித்த இந்தத் தகர ஷெட்டில் கொண்டுவந்து இறக்கினான். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்த்தவன். கான்ட்ராக்ட் முடிந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி ஒருத்தன் கீழ் வேலை இல்லை என்று முடிவு செய்திருந்தான்.

இயந்திரத்தின் உடம்பு கல் மாதிரி இருந்தது. புத்திதான் போயிருந்தது. பேனலைத் திறந்தால் கருகிய ஒயரும் எலிப் புழுக்கையும். அதனால் இணையத்தில் சும்மா கிடைக்கிற ஒரு கட்டுப்பாட்டு மென்பொருளை இறக்கினான். எவனெவனோ எந்தெந்த ஊரிலோ உட்கார்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் திறந்து பார், உன் இஷ்டத்துக்குத் திருத்திக்கொள் என்று விட்டுவிட்ட மென்பொருள். ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு திரை, நாலைந்து ரிலே போர்டு, அச்சு மூடும்போது ஏறுகிற அழுத்தத்தைப் பார்க்க ஒரு சென்சார். மூடு, உருகிய பிளாஸ்டிக்கைத் தள்ளு, ஆறவிடு, திற என்று ஒவ்வொரு வரியாக, பிள்ளைக்குச் சோறூட்டுகிற பொறுமையோடு அதற்குச் சொல்லிக்கொடுத்தான். இந்தக் காலத்தில் இதைச் செய்ய ஆள் இல்லை என்று அவனுக்கு அவன்மேலேயே கொஞ்சம் கர்வம்.

அந்தக் கர்வத்தில் இரண்டு காரியம் செய்திருந்தான்.

முதலாவது, முன்கதவு. அது திறந்திருந்தால் அச்சு மூடவே கூடாது. கை போய்விடும். அதற்கான சுவிட்ச் கூரியரில் வந்துசேரவில்லை. அதனால், கதவு எப்போதும் மூடித்தான் இருக்கிறது என்று மென்பொருளுக்கு ஒரு பொய்யை எழுதிவைத்தான். நாளைக் காலையில் திருப்பதிக் கடைக்காரருக்குச் சிமிழ் மூடியின் சாம்பிள் காட்ட வேண்டும். சுவிட்ச் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஒரு டைமர். அச்சு திறந்தபின், மறுபடி மூடுவதற்கு முன்னால், ஒன்றும் செய்யாமல் கொஞ்ச நேரம் சும்மா நிற்க வைக்கிற டைமர். பழைய பேனலில் அது ஒன்றுக்கு மட்டும் மஞ்சள் துணி சுற்றிக் குங்குமம் வைத்திருந்தார்கள். மூடி தானாகவே கீழே விழுகிற இயந்திரத்துக்குச் சும்மா நிற்கிற நேரம் எதற்கு? புது மென்பொருளில் அதைச் சேர்க்கவில்லை. டைமரைத் துணியோடு குப்பையில் போட்டான்.

“மாமா, அந்த மிஷினு சத்தம் ஒரு மாதிரி கீது.”

“பழைய மிஷினு. ஒரு மாதிரிதான் இருக்கும்.”

“மூடுறப்ப இன்னாமோ கடிக்கிற மாதிரி.”

அவன் திரையைக் குனிந்து பார்த்தான். அவனுக்கும் கேட்டிருந்தது.

வெளியே கார்த்திகை மழை. வங்காள விரிகுடாவில் எங்கேயோ சுழன்றுகொண்டிருந்த புயலின் ஓரம் இங்கே தகரக் கூரைமேல் விடாமல் கொட்டிக்கொண்டிருக்க, மதியச் சாப்பாடு செரிக்கிறதுக்குள்ளேயே ஷெட்டுக்குள் இருட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. ஒற்றை பல்பின் வெளிச்சம் இயந்திரத்தின் முதுகில் வழுக்கி, சுவரில் அதன் நிழலைப் படுத்திருக்கும் எருமை மாதிரி பெரிதாக்கியது. சூடான ஆயில் வாசனை, உருகும் பிளாஸ்டிக்கின் இனிப்பான நாற்றம், ஈர மண், காலையில் பூஜைக்கு ஏற்றிய கற்பூரம், இவையெல்லாவற்றுக்கும் அடியில் வேறொரு வாசனை. மஞ்சளும் சந்தனமும் பூசிய பெண் கை வாசனை. போன வாரம் சங்கரியின் கையில் இருந்த அதே வாசனை. ஒரு வாரம் எந்தக் கையில் தங்கும் அது?

திரையில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. அச்சு மூடும்போது அழுத்தம் ஏறும், கோடும் ஏறும். திறக்கும்போது இறங்கும். திருப்பதியில் ஸ்கேன் எடுத்தபோது சங்கரியின் வயிற்றில் கருவியை வைத்து, குழந்தையின் இதயம் துடிப்பதை டாக்டரம்மா இப்படித்தான் ஒரு கோடாகக் காட்டினார். குட்டிக் குட்டியாக, நெருக்கமாக, நிற்க நேரமில்லாமல் ஓடுகிற கோடு. “உன்ன மாதிரியே அவசரக் குடுக்க மாமா” என்று சங்கரி சிரித்தாள். அவன் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டுவந்து எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. கண்ணை மூடினாலும் அந்தக் கோடு தெரியும்.

இயந்திரத்தின் கோடு அப்படியில்லை. நிதானமாக ஏறவேண்டும். ஆனால் முழுசாக மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒவ்வொரு தடவையும், ஒரு சின்ன மேடு. நடுவில் எதுவோ இருக்கிற மாதிரி. கெட்டியாக இல்லாமல், நசுங்குகிற மாதிரி எதுவோ.

நிறுத்தினான். டார்ச் அடித்து அச்சின் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் பார்த்தான். சுத்தமாக இருந்தது. ஓட்டினான். திறந்தது. கலகல. மூடியது. மேடு.

போன வாரம் துடைத்தபோது அச்சுக்குப் பின்னால், பழைய கிரீஸில், கண்ணாடிச் சில்லுகள் ஒட்டியிருந்தது நினைவுக்கு வந்தது. பச்சையும் சிவப்பும். அன்றைக்குப் பல்பு உடைந்த சில்லு என்று வழித்து எறிந்திருந்தான். பச்சைப் பல்பு எந்த ஷெட்டில் எரியும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

கீழே தட்டில் விழுந்த மூடிகளை அள்ளினான். வெள்ளை வெளேர் என்று, சூடாக, அழகாகத்தான் இருந்தன. ஒன்றைப் பல்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். உள்ளே, வெள்ளைக்கு நடுவில், ஒரு பச்சைப் பொட்டு. குறடால் உடைத்தான். விரலில் குத்தியது.

கண்ணாடி.

அடுத்ததை உடைத்தான். அதிலும் இருந்தது. அடுத்ததிலும். உருக்கப் போட்ட பிளாஸ்டிக் குருணை புது மூட்டை. காலையில் அவன் கையால் பிரித்தது.

ஹரிபாபுவுக்குப் பயம் வந்துவிட்டது. ஒண்ணுக்குப் போகவேண்டும் போல ஒரு பயம். பயந்தால் அவனுக்குக் கோபம் வரும். கோபம் யார்மேல் போகும்? எப்போதும் போல சங்கரிமேல் போனது.

“மொதல்ல அந்த வளையலக் கழட்டு.”

“இன்னாது?”

“மிஷின் இருக்கிற எடத்துல வளையல் போடக்கூடாது. கம்பெனியில மோதிரம்கூட வுடமாட்டான். எங்கனா மாட்டிக்கினா கையோட போய்டும். கழட்டு.”

“வளகாப்பு வளையல பெறந்தப்பறம்தான் கழட்டணும். எங்கம்மா காதுல வுழுந்துச்சி, உன்ன வெளக்கமாத்தால அடிப்பாங்க.” அவள் சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “இன்னா மாமா? ஏன் இப்பிடி வேர்க்குது?”

“கழட்டித் தொலையேன்! ஒரு வாட்டி சொன்னா கேக்க மாட்டியா?”

இவ்வளவு கோபமாக அவளிடம் கத்தியதே இல்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். அவன் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். அச்சு திறந்தபடி, முன்கதவும் திறந்து கிடந்தபடி, இயந்திரம் நின்றது. அதன் ஆயில் பம்பின் இரைச்சல் அடங்கி மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. ஷெட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. போனை எடுத்துக்கொண்டு, தலையில் ஒரு கோணியைப் போட்டு, ரோட்டோரப் புளியமரத்தடிக்கு ஓடினான்.

சிரஞ்சீவி எடுத்ததும், நலம் விசாரிக்கவில்லை. இந்தப் போனுக்காகத்தான் இத்தனை நாளும் காத்திருந்த மாதிரி பேசினார்.

“ஆ டைமரு தீசேசாவா பாபு? மஞ்சத் துணி சுத்தினது. எடுத்துட்டியா?”

“எடுத்துட்டன் அண்ணா. அது எதுக்கு?”

“எங்கிட்ட தாட்சாயணின்னு ஒரு பொண்ணு வேல செஞ்சிச்சி. நகரிப் பக்கம், உங்க தமிழ்ப் பொண்ணுதான். வளகாப்பு முடிஞ்சி ரெண்டு கை நெறைய வளையலோட வந்து மிஷின்ல நின்னிச்சி. மாட்டிக்கும்மா, கழட்டி வெச்சுட்டு நில்லுன்னு நான்தான் சொன்னன். நல்லதுக்குத்தான் சொன்னன் பாபு.”

ஹரிபாபு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டான்.

“கழட்டுன வளையலத் தரையில வெக்கக் கூடாதுன்னு, குங்குமம் வெச்ச எடமாப் பாத்து, அச்சு பக்கத்து இரும்புத் திட்டு மேல வெச்சிச்சி. மிஷினு அதிர்வுல உருண்டு உள்ள வுழுந்துச்சி. எடுக்கக் கைய வுட்டுச்சி.”

“கேட் சுவிட்ச்?”

“வேகமா ஓடணும்னு சுவிட்ச வுட்டுட்டு நேரா ஒயர் போட்டு வெச்சிருந்தம். பொண்ணும் போச்சி. வயித்துல இருந்ததும் போச்சி. அப்பால அச்சு தெறந்தா சத்தம். உள்ள கைய வுட்டுத் தேடிக்கினே கீது பாபு. மூடுனா நசுங்குது. மறுபடி தேடுது. ஆளுங்க பயந்துபோயி அந்த டைமரு வெச்சாங்க. தெறந்து நிக்கும். அது தேடிட்டு, சத்தம் நின்னப்பறம் மூடும். அப்பிடியே ஓட்டிக்கினு இருந்தம்.”

“தேடினது கெடச்சிதா அண்ணா?”

“அதோடதுதான் ஒடஞ்சி தூளாப் போச்சே. எப்பிடிக் கெடைக்கும்?” பிறகு, குரலைத் தாழ்த்தி, “உன் வூட்டுல வளையல் போட்ட புள்ள யாருனா கீதா?”

அவன் ஓடினான். கோணி எங்கேயோ விழுந்தது. சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ள, அதை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினான். பாதி வழியிலேயே கேட்டது. பம்ப் ஓடுகிற சத்தம். அவன் நிறுத்திவிட்டு வந்த பம்ப்.

சங்கரி நாற்காலியில்தான் இருந்தாள். கை கால் முழுசாக இருந்தாள். அழுது முடித்த முகம். சாமி, போதும், இது போதும் என்று அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது.

பிறகுதான் அவள் கைகளைப் பார்த்தான்.

வெறும் கை. இரண்டும்.

“எங்க?”

“நீதான கழட்டச் சொன்ன.”

“எங்க வெச்ச சங்கரி?”

“தரையில வெக்க முடியுமா? குங்குமம் வெச்ச எடத்துல வெச்சன்.” மோவாயால் இயந்திரத்தைக் காட்டினாள். “நின்னுதான் இருந்திச்சி. நான் வந்து ஒக்காந்தப்பறம் தானா ஓட ஆரம்பிச்சிச்சி. நான் எதையும் தொடல மாமா, சத்தியமா.”

முன்கதவு திறந்து கிடந்தது. உள்ளே, அச்சுக்குப் பக்கத்து இரும்புத் திட்டில், காலையில் அவன் வைத்த குங்குமப் பொட்டின்மேல், பச்சையும் சிவப்புமாக வளையல்கள் அடுக்கி இருந்தன. அச்சு திறந்தது. அடுக்கு கலகலத்தது. அச்சு மூடியது. கடித்தது.

சிவப்புப் பொத்தானை அழுத்தினான். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினான். அச்சு திறந்தது. கையை விட்டு எடுத்துவிடலாமா? கதவு மூடித்தான் இருக்கிறது என்று இயந்திரத்துக்குப் பொய் சொல்லி வைத்தவனே அவன்தான். கை முன்னால் போனது. தானாகவே பின்னால் வந்துவிட்டது. அச்சு மூடியது.

நேரம் கொடு. அதுதான் வழி. அது கேட்டது நேரம்தானே?

கீபோர்டுக்குத் தாவினான். ஒரு வரி. ஒரே வரிதான். தப்பாக அடித்தான். அழித்தான். அடித்தான். திறந்தபின் நில். சேமித்தான்.

அச்சு திறந்தது.

நின்றது.

மழை. மழை மட்டும். பிறகு கலகல. ஒரு வளையல். அப்புறம் இன்னொன்று. தேடுகிற சத்தமில்லை இது. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், கையைக் குவித்து ஏற்றிக்கொள்கிற சத்தம். வளைகாப்பில் அவன் வாசலில் நின்று கேட்டானே, அதே சத்தம். பல்பு மங்கியது. மறுபடி எரிந்தபோது திட்டு காலியாக இருந்தது. குங்குமப் பொட்டு மட்டும் ஈரமாக.

சத்தம் நின்றது. அச்சு மூடியது. மெதுவாக, கடிக்காமல்.

திரையைப் பார்த்தான். கோடு ஏறியது. மேடு இல்லை. வழவழவென்று ஏறி, மேலே போய், நேராக நின்றது. பம்ப் தானாக அடங்கியது. இயந்திரம், வேலை முடிந்து உட்கார்ந்த மாதிரி, மூடிய வாயோடு அமைதியாகிவிட்டது.

ஹரிபாபு சிரித்தான். சிரிப்போடு அழுகையும் வந்தது. “போச்சி சங்கரி. எடுத்துக்கிச்சி. அதுக்கு வேண்டியது கெடச்சிடுச்சி. வா, வூட்டுக்குப் போலாம். இந்தச் சனியன நாளைக்கே இரும்புக் கடையில போட்டுடறன்.”

அவள் எழுந்திருக்கவில்லை. வெறும் கைகள் இரண்டையும் வயிற்றின்மேல் வைத்து, தலையைச் சாய்த்து, யாரோ கூப்பிடுகிறார்களா என்று கேட்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

“மாமா.”

“இன்னா?”

“காலையிலேர்ந்து ஒதச்சிக்கினே இருந்திச்சி. இப்ப அசையவே இல்ல.”

“தூங்கும்.”

“இல்ல மாமா. தூங்குனாகூட தெரியும். இப்ப… காலியா இருக்கிற மாதிரி கீது.”

அவன் கண் திரைக்குப் போனது. போகக்கூடாது என்று நினைத்தான். போய்விட்டது.

நேராக நின்ற கோடு நடுங்கியது. ஒரு சின்ன எழும்பல். இன்னொன்று. குட்டிக் குட்டியாக. நெருக்கமாக. பம்ப் ஓடவில்லை. எதுவும் ஓடவில்லை. மூடிய இரும்புக்குள்ளிருந்து, நிற்க நேரமில்லாமல், அவசர அவசரமாக.

அவன் விரல் சிவப்புப் பொத்தானின்மேல் இருந்தது. அழுத்தினால் கோடு நின்றுவிடும். அச்சைத் திறந்தால்? திறந்தால் உள்ளே எது இருக்கும்? விரலை எடுக்கவும் முடியவில்லை. அழுத்தவும் முடியவில்லை.

சங்கரி சுவரைப் பிடித்து எழுந்து, வயிற்றைத் தாங்கியபடி மெல்ல நடந்து வந்து அவன் தோளில் கை வைத்தாள். திரையைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

“ஐய, இது நம்ம பாப்பா கோடுல்ல? இத எதுக்கு மாமா இதுல போட்டு வெச்சிருக்க?”

ஏரிப் பக்கம் இடி விழுந்தது. பல்பு மங்கியது. கோடும் கூடவே தாழ்ந்து, தாழ்ந்து, கிட்டத்தட்டப் படுத்து, மறுபடி எழுந்து துடித்தது. மூடிய அச்சுக்குள், இரண்டு கை நிறைய வளையல், குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற தாளத்தில் மெதுவாகக் கலகலத்தது.

பல்பு மறுபடி மங்கியது.